வார்தோனோவின் வலது கை குறித்து அவர் மனைவி சொன்னது

பெயர் ஷிமமோரி சனாயே. வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் வார்தோனோ, வயது முப்பத்து நான்கு, இந்தோனேசிய நாட்டவர். விலாசம் ஹச்சினோஹே நகரம், சமே பகுதி, மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் உள்ள நகராட்சிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. தொழில், இந்த வருடம் அக்டோபர் மாதம் வரை துறைமுகத்தின் கிழக்குக் கரையில் உள்ள மீன் பதனிடும் ஆலையில் பொதி கட்டும் பிரிவில் பகுதிநேர வேலை, தற்சமயம் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் உதவி. இன்று தொழில் ஆய்வு அலுவலகத்தில் ஆஜராகி, ஆய்வாளர் கேட்டதற்குப் பதிலாகவும் நானாகவும் சொல்வது என்னவென்றால்:

என் கணவர் ஆறு வருடத்துக்கு முன்பு கணவாய் மீன் பிடிக்கும் படகில் கூலியாளாக எங்கள் ஊருக்கு வந்தவர். அப்போது நான் ஒரு பேரங்காடியில் பொரித்த பண்டங்கள் விற்கும் இடத்தில் வேலை பார்த்தேன். அவர் சாயங்காலம் விலை குறைத்துச் சீட்டு ஒட்டிய பிறகு வந்து, ஒவ்வொரு பண்டமாகக் காட்டி இதில் பன்றி இருக்கிறதா என்று கேட்பார். எனக்குத் தெரியாததால் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வேன். இப்படிச் சில மாதம் போன பிறகு, பன்றி இல்லை என்று நான் பலமுறை சொன்ன உருளைக்கிழங்கு உருண்டையைக் காட்டியும் கேட்க ஆரம்பித்தார். அதன் பிறகு எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டு, மூன்று வருடத்துக்கு முன்பு நகராட்சியில் பதிவு செய்து திருமணம் செய்துகொண்டோம். குழந்தைகள் இல்லை. என் பெற்றோர் காலமாகிவிட்டனர். உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

மேற்படி திருமணத்தின் பேரில் அவருக்கு வாழ்க்கைத் துணை விசா கொடுக்கப்பட்டது. அது ஒரு வருட விசா என்பதால் ஒவ்வொரு வருடமும் அவோமோரி நகரில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போய் நீட்டித்து வந்தோம். போன வருடம் போனபோது, எங்கள் இருவரின் வரிச் சான்றையும் பார்த்த அலுவலர், குடும்ப வருமானம் குறைவாக இருக்கிறது என்றும், படகு வேலை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அடுத்த முறை நிலையான வருமானம் காட்டினால் நல்லது என்றும் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த முறையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என் கணவர், "இனிமே கடல் வேண்டாம், சனா. மாசா மாசம் சம்பளச் சீட்டு குடுக்கற வேலையா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே படகில் இருந்து தன் சாமான்களை எடுத்து வந்துவிட்டார். அவருக்குப் படகு வேலை பிடிக்கும் என்பதை நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அதன் பிறகு அவர் மேற்படி ஆலையில் கானாங்கெளுத்தி மீனைத் தலை நீக்கித் துண்டு போடும் இயந்திரத்தில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தார். இந்த வருடம் மார்ச் மாதம் நான் வேலை பார்த்த பேரங்காடி மூடப்பட்டது. என் வருமானம் நின்றுபோனதால், கணவர் சொல்லி நானும் அதே ஆலையில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். எங்கள் இருவர் வேலைக்கும் பொறுப்பு ஆலை மேலாளர் தகாயா என்பவர்.

செப்டம்பர் மாதம் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் கொடுத்தோம். சில வாரத்தில், என் வருமானம் குறைந்திருப்பதால் கணவருடைய வேலைச் சான்றும் சமீபத்துச் சம்பளச் சீட்டுகளும் கூடுதலாகத் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. அவர் கடிதத்தைத் தகாயாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். தகாயா, சான்றில் போட வேண்டிய ஆலை முத்திரை முதலாளியிடம் இருக்கிறது, முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்று சொன்னார். மறுநாளும் அப்படியே சொன்னார். என் கணவர் தினமும் கேட்டார். கேட்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்பார். தகாயா சிரித்தபடி, "உன்னை நான் எங்கேயும் ஓட விட மாட்டேன்டா, பயப்படாதே" என்பார்.

அக்டோபர் ஏழாம் தேதி காலையில் நான் பொதி அறையில் இருந்தேன். வெட்டும் இயந்திரத்தின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். வேலை நேரத்தில் அது நின்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு நின்றது. உடனே இவாமா கிமியே என்பவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் என் கணவருக்கு எதிரே நின்று மீன் அடுக்குபவர். "சனா-சான், உன் வீட்டுக்காரர் கை..." என்றார். நான் ஓடிப் போனேன். என் கணவர் தரையில் உட்கார்ந்து வலது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கத்தவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. மீன் ஒன்று இயந்திரத்தின் பல்லுக்குள் மாட்டிக்கொண்டதாகவும், அதை எடுக்கப் போனபோது மீனை நகர்த்தும் பட்டை தானாக ஓடியதாகவும் கிமியே பிற்பாடு சொன்னார்.

இயந்திரத்துக்கு மூடி இருந்ததா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இருந்தது, ஆனால் அது இயந்திரத்தில் இல்லை. கோடைக்காலத்தில் மீன் வரத்து அதிகமாக இருந்தபோது, ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மூடுவதால் வேலை தாமதமாகிறது என்று தகாயா சொல்லிக் கழற்றச் செய்தார். அது சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஈரக் கையுறைகளைக் காயப் போடுவார்கள். அன்றும் அதன் மேல் கையுறைகள் கிடந்தன.

ஒருவர் ஆம்புலன்சைக் கூப்பிடப் போனார். தகாயா அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "சைரன் வேண்டாம், நானே கொண்டுபோறேன், அதுதான் சீக்கிரம்" என்றார். அதன் பிறகு தன் காரின் பின் இருக்கையில் மீன் பெட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து அதன் மேல் என் கணவரை உட்கார வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் திரும்பாமல், ஊருக்கு வெளியே ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே மருத்துவர் எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, நாங்கள் பதில் சொல்லும் முன்பே தகாயா, "வீட்டுத் தோட்டத்துல மரம் அறுத்துட்டு இருந்தாராம், டாக்டர்" என்று சொன்னார். எங்களுக்குத் தோட்டம் கிடையாது. பால்கனியில் ஒரு தொட்டியில் மிளகாய்ச் செடி இருக்கிறது. நான் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். என் கணவர் இடது கையால் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதும் அந்த இழுப்பு பலமாக இருந்தது. அதனால் நான் சொல்லவில்லை. மருத்துவர் தையல் போட்டு, இதை இப்படியே விடக்கூடாது, கைக்கான சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டும் என்றார். தகாயா, நாளைக்கே கூட்டிப்போகிறேன் என்றார். கூட்டிப்போகவில்லை.

அன்று சாயங்காலம் தகாயா ஒரு பெட்டி ஆப்பிளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். உறையிலிருந்து வேலைச் சான்றை எடுத்து மேசை மேல் வைத்தார். முத்திரை போட்டிருந்தது. முதலாளி வெளியூரிலிருந்து எப்போது வந்தார் என்று நான் கேட்கவில்லை.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல, சனாயே-சான். இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க. நிரந்தரத் தொழிலாளி, முழுச் சம்பளம். இதை அங்க குடுத்தா வேலை முடிஞ்சுது. ஆனா விபத்துன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா ஆய்வுக்கு வருவாங்க. லைன் நிக்கும். இவரால வேலை செய்ய முடியாதுன்னு டாக்டர் எழுதுவாரு. வேலை செய்ய முடியாத ஆளுக்கு நான் எப்படி வேலைச் சான்று குடுக்கறது? சான்று இல்லைன்னா வருமானம் இல்ல. வருமானம் இல்லைன்னா..." என்று சொல்லி, கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது.

நான், "கை இப்படிக் கிடக்கறப்ப இவரு எப்படி வேலைக்கு வர்றது?" என்று கேட்டேன்.

"வந்து சும்மா நிக்கட்டும். வருகை அட்டையைச் செருகினா போதும், சம்பளம் ஒரு யென் குறையாம விழும். விசா கைக்கு வந்தப்புறம் எத்தனை நாள் வேணா படுத்துக்கட்டும். யாரு கேக்கப் போறா?"

நான், இது சரியில்லை, நாளைக்கே தொழில் ஆய்வு அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். தகாயா என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தலையைக் குனிந்து, "வர்றேன், தகாயா-சான்" என்றார். தகாயா எழுந்து போகும்போது ஆப்பிள் நல்ல இனிப்பு என்றும் சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு எனக்கும் கணவருக்கும் சண்டை வந்தது. "ரெண்டு விரல் போனா போகட்டும், சனா. நான் போகக் கூடாது" என்று அவர் சொன்னார். விரலோடு நிற்காமல் கையே போய்விட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். "விசா ஆபீஸ்ல ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டா, நீ என்கூட எங்க ஊருக்கு வந்து வெயில்ல மீன் காயப் போடுவியா? உனக்கு எங்க பாஷை தெரியுமா?" என்றார். கற்றுக்கொள்வேன் என்றேன். "எங்க கத்துக்குவ? மூணு வருஷமா ஒரு சம்பல் அரைக்கக் கத்துக்கல" என்றார். அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். நான் அவரிடம், விசா விஷயம் முடியும்வரை பேசாமல் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் வற்புறுத்தியதால்தான் ஒப்புக்கொண்டீர்களா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, அவர் கேட்டார், எனக்கும் பயமாக இருந்தது என்பதுதான் சரி.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போனார். வருகை அட்டையை இடது கையால் செருகுவார். அவருக்குக் குளிர் அறை வாசலில் நின்று பெட்டிகளை எண்ணும் வேலை கொடுத்தார்கள். தகாயா போகும்போதும் வரும்போதும், "என்ன கணக்குப்பிள்ளை, இன்னிக்கு எத்தனை பெட்டி?" என்று கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். காயத்துக்கு நான்தான் வீட்டில் துணி மாற்றினேன். முதலில் சிவந்திருந்தது. பிறகு மணிக்கட்டு வரை வீங்கியது. அந்தச் சிறிய மருத்துவமனைக்குத் திரும்பப் போகலாம் என்றால், அங்கே மறுபடி மரம் அறுத்த கதையைச் சொல்ல வேண்டும், அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் வர மறுத்தார்.

அந்த வாரக் கடைசியில் சாப்பாட்டு அறையில் கிமியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் எல்லோர் மேலும் எப்போதும் மீன் வாடை இருக்கும். அவர் குரலைத் தாழ்த்தி, "நாப்பது வருஷமா மீனோட கிடக்கறேன். உன் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னா வர்றது மீன் வாடை இல்ல, சனா-சான்" என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டார். நானும் சாப்பிடவில்லை.

அன்றே கணவரிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன். இதற்கிடையில் குடிவரவு அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. கேட்ட காகிதங்களை எடுத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் திங்கட்கிழமை நேரில் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர், "திங்கட்கிழமை வரைக்கும் பொறு. அங்கேருந்து வெளிய வந்த உடனே நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம். சத்தியமா" என்றார்.

திங்கட்கிழமை காலை ரயிலில் அவோமோரிக்குப் போனோம். அவர் என்னுடைய அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் பை ஆழமானது. வலது கையைக் கட்டோடு அதற்குள் விட்டிருந்தார். ரயிலில் வெப்பமூட்டி ஓடியும் அவருக்குக் குளிர் அடித்தது. அவருடைய பல் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். என் கணவர் வழி முழுக்க, சொல்ல வேண்டிய பதில்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் துண்டு போடும் பிரிவில் நிரந்தரத் தொழிலாளி. என் சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. எனக்கு வேலை பிடித்திருக்கிறது.

குடிவரவு அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்ட அலுவலர் ஒரு பெண். மார்பில் நருமி என்று பெயர் இருந்தது. நான் காகிதங்களைக் கொடுத்தேன். அவர் வேலைச் சான்றையும் சம்பளச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன வேலை என்று என் கணவரைக் கேட்டார். அவர் ரயிலில் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னார். அலுவலர் விசா விவரம் பதிந்த குடியிருப்பு அட்டையைக் கேட்டார். அது கோட்டின் வலது பக்க உள்பையில் இருந்தது. அவர் இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுத்தார். எடுக்கும்போது அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எடுத்துக் கொடுத்து அவரை உட்கார வைத்தேன்.

அலுவலர், "கைக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"தோட்டத்துல மரம் அறுக்கறப்ப பட்டுடுச்சு" என்றார் என் கணவர். மருத்துவமனையில் தகாயா சொன்ன அதே வார்த்தைகள்.

அலுவலர் எழுதிக்கொண்டார். எழுதியபின் அவரை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் வியர்வை இருந்தது, உதடு வெளுத்திருந்தது. அதன் பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல நீங்களும் அப்ப இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆய்வாளர் இந்த இடத்தை விவரமாகச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் விசா வரும் என்றும் நினைத்தேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த சான்றைப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் அந்த வாடை வந்தது. நான், "எங்க வீட்டுல தோட்டம் இல்லைங்க. மூணாவது மாடி. இது ஆலையில நடந்தது. கை அழுகிட்டு இருக்கு" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

என் கணவர், "ஐயோ, சனா" என்றார்.

அலுவலர் நருமி பேனாவைக் கீழே வைத்தார். கையைக் காட்ட முடியுமா என்று என் கணவரைக் கேட்டார். அவர் காட்டவில்லை. நான்தான் கோட்டுப் பையிலிருந்து அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தேன். அலுவலர் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார். அது வரும்வரை எங்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் அவரிடம், இனி வருமானம் இல்லை என்று விசாவை மறுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். அவர், முடிவு என்ன ஆகும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது என்றார். "ஆனா வேலையில அடிபட்டவருக்குக் கிடைக்கிற ஈட்டுத்தொகையும் வருமானக் கணக்குல வரும். அதுக்கு விண்ணப்பம் குடுத்துட்டு நகலை எனக்கு அனுப்புங்க. இந்தச் சான்றைத் திரும்ப எடுத்துக்கோங்க. உண்மையா இருக்கறதைக் கொண்டு வாங்க" என்றார். அப்படி ஒரு ஈட்டுத்தொகை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தகாயாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

ஆம்புலன்சில் என் கணவர், "நீ என்னை ஊருக்கு அனுப்பிட்ட" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே அவோமோரி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் அடியோடு எடுக்கப்பட்டன. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கையை மட்டுமல்ல, ஆளையே காப்பாற்றியிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டையும் நான் கணவரிடம் சொல்லவில்லை. முதலாவதை மருத்துவரே சொல்லிவிட்டார். இரண்டாவது அவருக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் தகாயா போனில் கூப்பிட்டார். நான் வேலைக்கு வர வேண்டாம் என்றும், என் கணவர் வீட்டில் காயப்படுத்திக்கொண்டு ஆலையின் மேல் பழி போடுவதாகவும், மருத்துவமனைப் பதிவிலேயே தோட்டம் என்று இருப்பதாகவும், காயத்துக்குப் பிறகும் அவர் தினமும் வேலைக்கு வந்ததற்கு வருகை அட்டை சாட்சி என்றும் சொன்னார். "விசாவுக்காகத்தானே என்கிட்ட கெஞ்சினீங்க? நான் உதவி பண்ணினேன். அதுக்கு இதுதான் நன்றியா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் இந்த அலுவலகத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். ஆலைத் தரப்பில் எல்லோரும் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னதாக அறிந்தேன். இவாமா கிமியே மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அவர் எங்களோடு நெருங்கிப் பழகியவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது, இதனால் உங்கள் வேலை போய்விடுமே என்று நான் கேட்டேன். "போனா போகுது. எனக்கு அறுபத்து மூணு. என்னை எந்த ஊருக்கு அனுப்பிடுவாங்க?" என்றார். என் கணவர் படுக்கையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னோடு பேசாமல் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிமியே போன பிறகு, தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். நான் கொடுத்தேன்.

அதன் பிறகு ஈட்டுத்தொகைக்கு விண்ணப்பம் கொடுத்து அதன் நகலையும், ஆஸ்பத்திரிச் சான்றையும், முதியோர் இல்லத்தில் நான் முழுநேர வேலைக்குச் சேர்ந்ததற்கான காகிதத்தையும் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பழைய விசாவின் தேதி முடிந்திருந்தாலும், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை தங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். பெட்டியைத் திறந்து பார்க்க அவர் போக மாட்டார். நான் போவேன். மின் கட்டண ரசீதை எடுத்து வந்தாலும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஒருநாள், துணி வைக்கும் அலமாரியின் மேலிருந்த அவருடைய பெட்டி கீழே இறங்கியிருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை மடித்து வைத்திருந்தார். ஒற்றைக் கையால் மடித்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் அவற்றை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தேன்.

தகாயாவுக்குத் தண்டனை வேண்டும் என்று கோருகிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, கோருகிறேன். கடுமையான தண்டனை என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, எழுதிக்கொள்ளலாம். அவருக்கு எங்கள் நிலைமை தெரியும். என் கணவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தினமும் போய் நின்றதால் தெரியும். தெரிந்துகொண்டு செய்ததற்காகக் கோருகிறேன்.

என் கணவர் சிறிய மருத்துவமனையில் மறுக்காமல் இருந்தது பற்றியும், குடிவரவு அலுவலகத்தில் பொய் சொன்னது பற்றியும் கேட்டதற்கு, இரண்டும் உண்மை. அதற்கு என்ன நடவடிக்கை உண்டோ அதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம். ஆனால் மருத்துவமனையில் நானும் பேசாமல்தான் இருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விசா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, போன வாரம் குடிவரவு அலுவலகத்திலிருந்து அஞ்சல் அட்டை வந்தது. முடிவு தெரிவிக்கப்படும், நேரில் வரவும் என்று மட்டும் இருந்தது. பனி பெய்துகொண்டிருந்ததால் ரயில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவோமோரி நிலையத்தில் இறங்கியதும் என் கணவர், ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். சாப்பிட முடியாது என்று இருவருக்கும் தெரிந்ததால் சாப்பிடாமலே போனோம். அலுவலர் நருமி அன்று அங்கே இல்லை. வேறொரு இளைஞர் இருந்தார். அவர் புதிய குடியிருப்பு அட்டையை மேசையில் வைத்து, ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது, அடுத்த முறையும் வருமானச் சான்றுகள் தேவைப்படும் என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

என் கணவர் பேனாவை இடது கையில் எடுத்தார். எழுத வெகுநேரம் ஆயிற்று. எழுத்துகள் மேலும் கீழுமாகப் போய்க் கோட்டைத் தாண்டின. அந்த இளைஞர் பழைய காகிதத்தில் இருந்த கையெழுத்தையும் இதையும் பார்த்தார். "இது பழைய கையெழுத்து மாதிரி இல்லையே. வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் கணவர் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். "இனிமே இதுதாங்க வழக்கம்" என்றார்.

அந்த இளைஞர் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது என் கணவர் அட்டையை என்னிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கோ. நான் கீழ போட்டுடுவேன்" என்றார். பிறகு, அடுத்த வருடத்துக்கு என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார். பேருந்து வரும்வரை அதைப் பற்றியே பேசினோம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆய்வாளர் இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொல்லாதது எதுவும் இதில் இல்லை, சொன்னது எதுவும் விடுபடவில்லை. யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் இடம் கொடுக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் என் முத்திரையைப் பதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஷிமமோரி சனாயே

என் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.
தொழில் ஆய்வாளர்